பின்பக்கத்திலிருந்து திறப்பவர்

டெரிக் லார்ட்டர் எந்தப் புத்தகத்தையும் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார். ஆவணக் காப்பகத்தில் பழைய கிறிஸ்தவக் கோயில் பதிவேட்டைக் கொண்டுவந்து பஞ்சுத் திண்டின்மேல் வைத்தவுடன், கைகளைக் கால்சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொள்வார். பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசி ஏட்டைப் பிரிப்பார். முன்பக்கத்தில் ஞானஸ்நானம், பின்பக்கத்தில் அடக்கம். அந்தக் காலத்துக் குருமார் ஒரே புத்தகத்தில் இரண்டையும் எழுதிச் சிக்கனம் பிடித்தார்கள். டெரிக்குக்கு அந்த வழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. செய்தித்தாளை இறந்தோர் பத்தியிலிருந்து படிப்பார், உணவகப் பட்டியலை இனிப்பிலிருந்து. எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை ஒருமுறை பார்க்கக் கொடுத்தேன். பெண்ணை வழியனுப்புவதில் தொடங்கி நிச்சயதார்த்தத்தில் முடித்துவிட்டு, "கடைசில ரெண்டு பேரும் பிரிஞ்சு அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க போல" என்று வருத்தப்பட்டார்.

வயது எழுபத்து நான்கு. முப்பத்தெட்டு வருடம் எரிவாயு மீட்டர் கணக்கெடுத்தவர். எங்கள் ஆங்கிலேயக் கிராமமான ஹாலிங்தார்ப்பில் எந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் என்ன ஒளிந்திருக்கிறது என்பது பாதிரியாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்ற மறு திங்கட்கிழமையே இறந்தவர்களின் மாடிப்படிக்கு அடியில் டார்ச் அடிக்கத் தொடங்கிவிட்டார். அவருடைய சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் கல்லறையில் இருப்பவர்கள்கூட எழுந்து ஒதுங்கி வழிவிடுவார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. நான் நம்பியதில்லை. ஒரே ஒரு தடவைதான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒருவர் மட்டும்தான் ஒதுங்கினார்.

"முதல்ல சாவைப் பாரு, அப்புறம் சம்பந்தம் பேசு." இதுதான் அவருடைய தொழில் மந்திரம். வம்சம் தேடி வருகிறவர்களுக்கு அவசரம் அதிகம். பதிவேட்டில் தாத்தாவின் தாத்தா பெயரில் ஒரு ஞானஸ்நானத்தைப் பார்த்துவிட்டால் போதும், அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளை இரண்டு வயதிலேயே மண்ணுக்குள் போயிருக்கலாம் என்று தோன்றாது. குழந்தை இறந்தால் அடுத்துப் பிறப்பதற்கும் அதே பெயரை வைப்பது இங்கே வழக்கம். ஒரே வீட்டில் மூன்று வில்லியம் பிறந்து, மூன்றாவது வில்லியம்தான் மீசை முளைக்கும்வரை இருந்திருப்பான். தொட்டிலைத் தாண்டாத குழந்தைக்குப் பேரன் பேத்தி எடுத்து, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் நாற்பதாவது இருக்கும். அதனால் டெரிக் யாரையும் ஞானஸ்நானத்தை வைத்துச் சேர்க்க மாட்டார். அடக்கப் பக்கத்தில் தேடி, அங்கே இல்லையென்றால்தான் உயிரோடு விடுவார். மதுக்கடையில் நுழைந்தவுடன் யாராவது கேட்பார்கள்: "என்ன டெரிக்கு, இன்னிக்கு எத்தனை பேரைக் கொன்ன?"

"மூணு. ஒருத்தன் தப்பிச்சு கடற்படையில சேர்ந்துட்டான்."

காசு வாங்க மாட்டார். ஆரஞ்சுத் தோல் ஜாம் வாங்கிக்கொள்வார். கடல் கடந்து வருகிறவர்கள் எல்லாருக்கும் தங்கள் மூதாதையர் ஒரு பிரபுவாக இருக்க வேண்டும் என்று ஆசை. "பிரபு ஒருத்தன்தாம்மா இருந்தான். அவன் பன்னியை மேய்ச்சவன் நூறு பேரு. கணக்குப் போட்டுப் பாருங்க" என்பார். தன் வம்சத்தையும் துப்பறிந்திருக்கிறார். "முந்நூறு வருசத்துல நாங்க நாலு மைல் நகர்ந்திருக்கோம். நான் சைக்கிள்ல இருபது நிமிசத்துல திரும்பிப் போயிடுவேன்."

அவர் மனைவி பாலினுக்கு இதிலெல்லாம் மதிப்புக் கிடையாது. உயிரோடு இருக்கிற மைத்துனியின் பிறந்தநாள் தெரியாத மனுஷனுக்குச் செத்துப்போனவளின் ஞானஸ்நானத் தேதி மட்டும் எப்படித் தெரிகிறது என்று என் சமையலறையில் உட்கார்ந்து கேட்பாள். செத்தவள் பரிசு எதிர்பார்ப்பதில்லை என்று நான் சொல்வேன்.

டெரிக்குக்குக் கோபம் வந்து பார்ப்பது அபூர்வம். யாராவது விரலை நாக்கில் தொட்டுப் பதிவேட்டின் ஏட்டைப் புரட்டினால் மட்டும் வரும். காப்பகத்தில் பேசக் கூடாது என்பதால் எழுந்து போய் அவர்கள் காதோரம் குனிந்து, "செத்தவங்களை எச்சில் பண்ணாதீங்க" என்பார். ஒரு நீதிபதியிடமே அப்படிச் சொன்னார். நீதிபதி விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

இத்தனை ஒழுங்குள்ள மனிதர் தன் மந்திரத்தை ஒரே ஒரு தடவை மறந்தார். டோரீன் விஷயத்தில்.

டோரீன் எழுபத்தெட்டு வயது விதவை. பண்ணைக் குடிசை ஒன்றில் ஐம்பது வருடம் வாடகைக்கு இருந்தவள். போன குளிர்காலத்தில் பண்ணையார் குடிசையை விற்க முடிவு செய்து, மார்ச் இருபத்தைந்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். எங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் ஆறு செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மார்ஜரி ஸ்பர்லிங் என்ற கல்யாணமாகாத பெண்மணி 1691இல் உயில் எழுதி, ஏழை விதவைகளுக்கென்று விட்டுச் சென்ற தர்ம வீடுகள் அவை. அதில் நான்காம் எண் காலியாக இருந்தது. ஆனால் உயிலில் ஒரு கொக்கி. முதல் உரிமை மார்ஜரியின் உறவில் வந்தவர்களுக்கு. உறவில் யாரும் இல்லையென்றால் எங்கள் கோயில் பங்கின் எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு. டோரீனின் குடிசை எல்லை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தாண்டிக் குதித்தால் ஹாலிங்தார்ப், அவளால்தான் குதிக்க முடியாது. ஆக, உறவு என்று நிரூபித்தால் வீடு. இல்லையென்றால் முப்பது மைல் தள்ளி, மகன் வீட்டுச் சாமான் அறையில் ஒரு கட்டில்.

டோரீன் பிறந்தது கேதர்கோல் குடும்பத்தில். அந்த வம்சத்தில் எப்போதோ வந்த ஒரு பாட்டி வழியாக ஸ்பர்லிங் சம்பந்தம் என்று ஒரு பேச்சு வீட்டில் உண்டு. டெரிக்கைக் கூப்பிட்டு, மாட்டிறைச்சிக் குழம்பில் மாவு உருண்டை போட்டுப் பரிமாறிவிட்டு, அழாமல் விஷயத்தைச் சொன்னாள். அழுதிருந்தால் டெரிக் நிதானமாக இருந்திருப்பார். அவள் அழாததுதான் அவரை அவசரப்படுத்திவிட்டது. மூன்றே வாரத்தில் ஒன்பது தலைமுறை ஏறினார். உச்சியில் கிடைத்தவள் ஹெஸ்டர். மார்ஜரியின் தம்பி தாமஸ் ஸ்பர்லிங்கின் மகள். 1698 ஜூன் பதினான்காம் தேதி ஹாலிங்தார்ப்பில் ஞானஸ்நானம். 1719இல் பக்கத்து ஊரான லிட்டில் சாலோவில் ராபர்ட் கேதர்கோலுடன் கல்யாணம். அவ்வளவுதான், கோர்வை முடிந்தது. பெரிய தாளில் வரைந்து தர்ம வீடுகளின் அறங்காவலர்களிடம் கொடுத்துவிட்டார். புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பவில்லை.

ஜனவரியில் கோயில் கூடத்தில் அறங்காவலர் கூட்டம். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். டோரீன் தொப்பி வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைவி திருமதி கேரிங்டன் எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதவர். தாமே காப்பகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டி வந்திருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டெரிக்கைப் பாராட்டினார். பிறகு, தாமும் ஏதோ கண்டுபிடித்த குஷியில் கூடுதலாக ஒன்று சொன்னார்.

"அதே வருஷம் பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஒரு ஹெஸ்டரை அடக்கம் பண்ணியிருக்காங்க. தாமஸ் மகள்னு போட்டிருக்கு. அது போன பிறகு ஜூன்ல பொறந்த பொண்ணுக்கும் அதே பேரை வெச்சிருக்காங்க, பாவம்."

கூடம் முழுக்க ஐயோ பாவம் என்று தலையாட்டியது. டெரிக்கின் முகம் மட்டும் பழைய காகிதம் மாதிரி ஆனது. கோப்பையில் இருந்த தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். எனக்கு என்னவோ தப்பாகத் தோன்றி, பேசாதே என்று மேசைக்கு அடியில் அவர் காலை உதைத்தேன். உதை மேசைக் காலில் பட்டது.

"அம்மா," என்றார் எழுந்து நின்று, "அந்தப் பிப்ரவரி அந்த ஜூனுக்கு அப்புறம் வந்தது."

நமக்கு வருஷம் சித்திரையில் திரும்புகிறது. தையும் மாசியும் அதன் வாலில் தொங்குகின்றன. அன்றைய இங்கிலாந்திலும் இதே கதைதான். வருஷம் ஜனவரியில் பிறக்கவில்லை, மார்ச் இருபத்தைந்தில், மங்கள வார்த்தைத் திருநாளன்று பிறந்தது. 1698 ஜூன் முதலில் வரும், 1698 பிப்ரவரி கடைசியில்தான் வரும். ஆகவே ஜூனில் ஞானஸ்நானம் பெற்ற அதே குழந்தைதான் எட்டு மாதத்தில் அடக்கம் ஆகியிருக்கிறது. 1719இல் கல்யாணம் செய்துகொண்டவள் வேறு யாரோ. கூடத்தில் இது தெரிந்த ஒரே ஆள் டெரிக். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அடுத்த நிமிடம் டோரீன் கையில் சாவி.

திருமதி கேரிங்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மார்ச் இருபத்தைந்துவரை வீட்டை யாருக்கும் ஒதுக்குவதில்லை, அதற்குள் வேறு ஆதாரம் கிடைத்தால் பார்க்கலாம் என்று முடிவானது. வெளியே வாசலில் டோரீன் டெரிக்கை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ எனக்காக வந்தியா, அந்தச் செத்த குழந்தைக்காக வந்தியா?"

"எட்டு மாசக் குழந்தைக்குக் கல்யாணம் பண்ணி வைக்க என்னால முடியாது, டோரீன்."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மறுநாள் அவர் கொடுத்திருந்த ஊறுகாய் வெங்காய ஜாடி, திறக்காமலே அவர் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தது. ஊரும் சும்மா விடவில்லை. மதுக்கடையில் வழக்கமான கேள்விக்கு இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டது. "இன்னிக்கு எத்தனை பேரைக் கொன்ன?" என்று கேட்டுவிட்டு யாரும் சிரிக்கவில்லை. நானே அவரிடம் சொன்னேன்: முந்நூறு வருஷத்துக் குழந்தை வந்து வழக்குப் போடவா போகிறது, ஒரு பிப்ரவரியை விழுங்கினால் என்ன? அவர் சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே, "மகராசி, பின்பக்கத்துல ஒரு வரி எழுதியிருக்கு. பார்த்தீங்கன்னா விழுங்க மாட்டீங்க" என்றார்.

அது அடக்கக் குறிப்பின் ஓரத்தில் இருந்த வரி. கூட்டம் முடிந்த மறுநாளே காப்பகத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் பிணத்தை உள்ளூர்க் கம்பளியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும் என்று சட்டம். அப்படிச் செய்ததாக யாராவது சத்தியம் செய்ய வேண்டும். 'கம்பளியில் சுற்றப்பட்டாள், தாய் சத்தியம்' என்று எழுதியிருந்ததாம். மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி யாராவது போய்ச் சத்தியம் செய்துவிட்டு வருவாள். இதற்குத் தாயே போயிருக்கிறாள்.

அன்றிலிருந்து தினமும் காப்பகத்துக்குக் காலை ஒன்பது பத்துக்குப் பேருந்து, திரும்ப மாலை நாலரைப் பேருந்து. இறந்த ஹெஸ்டருக்குப் பிறகு தாமஸுக்கு இன்னொரு மகள் பிறந்திருக்க வேண்டும், அவளுக்கும் அதே பெயரை வைத்திருக்க வேண்டும். ஆனால் 1700இலிருந்து 1703வரை ஹாலிங்தார்ப்பின் ஞானஸ்நான ஏடு இல்லை. உதவிக் குருவின் மனைவி ஜாடிக்கு மூடி கட்டக் கிழித்துக்கொண்டாள் என்பது ஊர்க்கதை. நான் சொல்லும்போது ஜாடியில் நெல்லிக்காய் இருக்கும். டெரிக் சொல்லும்போது வெங்காயம். தாமஸ் உயில் எழுதாமலே செத்துப்போயிருந்தான். எனவே டெரிக் இரண்டு ஊரிலும் அந்தக் காலத்தில் எழுதப்பட்ட அத்தனை உயில்களையும் படிப்பது என்று முடிவு செய்தார். நூற்று நாற்பதுக்கு மேல். உயில்களுக்கு அட்டவணை உண்டு, ஆனால் எழுதியவர் பெயருக்கு மட்டும்தான். பெற்றுக்கொண்டவர்களைத் தேட வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வரிசையில் படிக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாதவர்களின் உயிலை முதலில் எடுத்தார். "பிள்ளை இருக்கிறவன் பிள்ளைக்கு எழுதிட்டுப் போயிடுவான், ரெண்டே வரி. பிள்ளை இல்லாதவங்கதான் ஊரையே ஞாபகம் வெச்சிருப்பாங்க" என்றார். அவருக்கும் பாலினுக்கும் பிள்ளைகள் இல்லை. இதைச் சொன்னபோது பாலின் சட்டென்று எழுந்து போய்க் கெண்டியில் தண்ணீர் பிடித்தாள்.

பிப்ரவரி முழுக்கப் போனது. மார்ச் முதல் வாரத்தில் டோரீன் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கிவிட்டாள். மகன் வண்டிக்குச் சொல்லிவிட்டான். டெரிக் மெலிந்துபோனார். படுக்கையிலும் உயில் பாணியில் பேசுகிறார் என்று பாலின் புகார் சொன்னாள். 'மேற்படி பாலினுக்கு என் சிறந்த போர்வையின் பாதி' என்று தூக்கத்தில் முனகினாராம். மீதிப் பாதி யாருக்கு என்று இவள் உலுக்கி எழுப்பிக் கேட்டிருக்கிறாள்.

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. லிட்டில் சாலோவைச் சேர்ந்த சூசன் டடன்ஹாம், விதவை, பிள்ளைகள் இல்லை, உயில் எழுதியது 1711. அந்த மகராசி இருபத்து மூன்று பேருக்கு முப்பத்தொரு பொருளைப் பங்கிட்டிருந்தாள். தலையணை உறையைக்கூட விடவில்லை. பத்தொன்பதாவது பங்கு இப்படி இருந்தது: 'ஹாலிங்தார்ப் தாமஸ் ஸ்பர்லிங்கின் மகளும் என் ஞான மகளுமான ஹெஸ்டருக்கு, என் சிறிய பித்தளைச் சட்டியும், அவள் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் கறுப்பு ஆடும்.'

டெரிக் சத்தம் போடவில்லை. அங்கே போடவும் கூடாது. பென்சிலால் அந்த வரியை எழுதிக்கொண்டு, தாளை ஒப்படைத்துவிட்டு, வாசிப்பறைக்கு வெளியே வந்து பாலாடைக்கட்டி சாண்ட்விச்சைச் சாப்பிட்டார். அப்போது மணி பதினொன்று பத்து. பதினாறு வருடத்தில் அவர் பன்னிரண்டு அடிப்பதற்கு முன் அந்தச் சாண்ட்விச்சைத் தொட்டது அன்று ஒரு நாள்தான். பிறகு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். நான் பாலினோடு உட்கார்ந்திருந்தேன்.

"ஹெஸ்டர் இருக்கா" என்றார்.

"எங்க இருக்கா?"

"ஆடு வெச்சிருக்கா, பாலின்."

பேருந்திலிருந்து இறங்கியதும் நேரே டோரீன் வீட்டுக்குச் சைக்கிளை விட்டிருக்கிறார். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டாவது ஹெஸ்டருக்கு அப்போது பத்து வயது இருக்கும் என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றபடியே உயிலின் வரியை வாசித்தார். பித்தளைச் சட்டிவரை அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. ஆட்டுக்கு வந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பத்து வயசுப் பொண்ணு, என் ஆடு என் ஆடுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கா என்று அவளே சொல்லிக்கொண்டாள். பிறகு கதவை முழுக்கத் திறந்தாள்.

"உள்ள வா. கால தொடைச்சுட்டு வா. அந்த வெங்காய ஜாடியையும் நாளைக்குத் திருப்பிக் கொண்டா."

மார்ச் இருபத்தைந்தாம் தேதி நான்காம் எண் வீட்டின் சாவி டோரீன் கைக்கு வந்தது. வாய்க்காலைத் தாண்ட மூன்று பேர் தேவைப்பட்டார்கள், அவளுக்காக அல்ல, அவளுடைய இரும்பு அடுப்புக்காக. சுவர்க் கடிகாரத்தை மாட்டியபிறகு பக்கத்தில் ஒரு ஆணி மிச்சம் இருந்தது. அதில் மாட்ட டெரிக் புதிதாக வரைந்த வம்ச வரிசையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொண்டுவந்தார். மேலே தாமஸ், அவனுக்குக் கீழே ஹெஸ்டர், அவளிடமிருந்து கேதர்கோல்கள் படிப்படியாக இறங்கி டோரீன்வரை. எல்லாரும் மையில், டோரீன் மட்டும் பென்சிலில். உயிரோடு இருப்பவர்களை அவர் மையில் எழுதுவதில்லை.

டோரீன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாள். மறுபடி மேலே போனாள். தாமஸிடமிருந்து இன்னொரு சிறு கோடு கிளம்பி, யாரோடும் சேராமல் அப்படியே நின்றது. அதன் முனையில் ஒரு பெயர், பெயருக்குக் கீழே இரண்டு வரி: 'எட்டு மாதம். கம்பளியில்.'

"இது யாரு? இவ வழியில நான் வரலையே?"

"ஹெஸ்டரோட அக்கா" என்றார் டெரிக்.

சட்டத்தை ஆணியில் மாட்டினார். ஒரு எட்டுப் பின்னால் போய் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். நேராகத்தான் இருந்தது. கண்ணாடியின்மேல், அந்தச் சிறு கோட்டின் முனையில், யாருடைய விரல் பட்டோ ஒரு கறை இருந்தது. டெரிக் கிட்டே போனார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, குழந்தையின் கன்னத்து ஜாமைத் துடைப்பதுபோல, அந்தப் பெயரைத் துடைத்தார்.